மொட்டை மாடிக் கசிவு: பேசிய தொகையைவிட இரண்டு மடங்கு கேட்கிறார்

விரிசல் அடைக்க ஒரு தொகை பேசினீர்கள். வேலை முடிந்ததும் "பழைய பூச்சு முழுக்கப் பொரிந்திருந்தது, கொத்தி எடுத்தேன்" என்று ஒப்பந்தக்காரர் இரண்டு மடங்கு கேட்கிறார். அடுத்த மழைக்கே மறுபடி ஒழுகுகிறது. இவை இரண்டு தனிப் பிரச்சினைகள், கலந்து பேசாதீர்கள்.

கொத்திய பிறகுதான் உள்ளே இருக்கும் சேதம் தெரியும் என்பது உண்மைதான். அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் சேதத்தைப் பார்த்ததும் வேலையை நிறுத்தி உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். எத்தனை சதுர அடி, என்ன பொருள், கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கொத்தியபோது எடுத்த படம் இருந்தால் அதையும் கேளுங்கள். ஒற்றை வரி பில்லுக்குப் பணம் தராதீர்கள்.

அப்புறம் ஒழுகல். தண்ணீர் இறங்கும் இடமும் கீழே சொட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. கான்கிரீட்டுக்குள் பக்கவாட்டில் ஓடி எங்கோ சொட்டும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையும் வடிகுழாய் வாயும்தான் வழக்கமாகத் தண்ணீரை உள்ளே விடும் இடங்கள். அவரையும் வைத்துக்கொண்டு, வடிகுழாயை அடைத்து, ஓரிரு அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் பாருங்கள். (தளம் பலவீனமாக இருந்தால் இது வேண்டாம், ஹோஸில் பகுதி பகுதியாக நனைத்துப் பார்த்தால் போதும்.)

அவர் பூசிய இடத்திலேயே கசிந்தால் காசில்லாமல் சரிசெய்வது அவர் பொறுப்பு. அவர் கைவைக்காத மூலை என்றால், ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தாலும் சரி, அது புது வேலை. அதற்கு விலையை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.