பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: கிளட்ச் பிடித்தாலும் வண்டி ஊர்கிறது, ஐடிலிங் தானாக ஏறுகிறது. கோளாறு எங்கே?

கிளட்சை முழுவதும் பிடித்திருந்தும் முதல் கியரில் வண்டி ஊர்கிறது, சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக ஏறுகிறது, கார்புரேட்டரை மூன்று முறை கழுவியும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா ஓட்டிய 1994 மாடல் ஆர்எக்ஸ் 100ஐ இன்றும் ஓட்டி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிளட்ச் பிளேட் வாங்குவதற்கு முன், எஞ்சினுக்குள் வேண்டாத காற்று புகுந்து ஐடிலிங்கை ஏற்றும் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐடிலிங் அளவு மீறி நின்றால், பிளேட்டுகளுக்கிடையே உள்ள ஆயிலின் பிசுக்கினாலேயே நல்ல கிளட்சும் சற்று இழுக்கும். அதனால் ஒரே கோளாறு இரண்டு கோளாறாகத் தோன்றக்கூடும்.

என் வண்டியில் பிளேட் செட்டை மாற்றிய பிறகும் இதே தொல்லை நீடித்தது. கடைசியில் கார்புரேட்டரை எஞ்சினுடன் இணைக்கும் ரப்பரைக் கழற்றி விரலால் வளைத்தபோதுதான், அடிப்பக்கத்தில் நகக்கீறல் போன்ற ஒரு வெடிப்பு வாய் திறந்தது. கையை எடுத்ததும் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொண்டது. முப்பது ஆண்டுப் பழைய ரப்பர் என்றால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அக்காலத்து ரப்பர் பாகங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

எஞ்சின் சூடாகி ஐடிலிங் ஏறி நிற்கும்போது சோக்கை (காற்றுக்கு எதிராகப் பெட்ரோலின் அளவைக் கூட்டும் பிடி) சிறிது இழுத்துப் பாருங்கள். வேகம் தணிந்து சீரானால், பெட்ரோலின் விகிதத்துக்கு மேல் காற்று போகிறது என்று பொருள். ரப்பர் சரியாக இருந்தும் இப்படி நடந்தால், இடப்புறம் மேக்னெட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து கிராங்க் ஆயில் சீலை, அதாவது எஞ்சினின் சுழல்தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். வலப்புறம் கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் அடையாளம் வேறு: கியர் ஆயில் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் வெண்புகை அடர்ந்து வரும், ஆயில் மட்டமும் குறைந்துகொண்டே போகும்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகே கார்புரேட்டரைத் தொடுங்கள். ஐடிலிங்கில் பெட்ரோல் தரும் சிறு குழலான பைலட் ஜெட்டின் துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, அடைப்பிருந்தால் காற்றழுத்தத்தால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஐடிலிங் கலவைக்கான காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்குரூவை மென்மையாக மூடி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து சரிசெய்யலாம்.

ஐடிலிங் அடங்கிய பிறகும் வண்டி ஊர்ந்தால், கிளட்ச் ஒயரின் தளர்வு கைப்பிடி அருகே 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிமீது வைத்து வளைவு தேடுங்கள். கார் எஞ்சின் ஆயிலை கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள வழுக்குச் சேர்மங்களால் கிளட்ச் நழுவும்.

காற்றுக் கசிவுடன் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மிகையாகச் சூடாகி, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். ஆகவே ரப்பரையும் சீலையும் பார்த்து முடிக்கும் வரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.