மறு: பசு ஒதுக்கும் மக்காச்சோள அடித்தட்டை

தோவாளை அண்ணே, 85 நாளில் அறுத்த ஆப்பிரிக்கன் டால் ரகத் தீவன மக்காச்சோளத் தட்டையில் அடிக்கணுவைப் பசு தொடலை, லிக்னின் (தண்டை விறைப்பாக்கும், பசுவுக்குச் செரிக்காத பொருள்) குறைஞ்ச பழுப்பு நடுநரம்பு மக்காச்சோள விதை போடலாமான்னு கேட்டிருந்தீங்க.

விதையை மாத்த அவசரப்படாதீங்க. பழுப்பு நடுநரம்பு மக்காச்சோளத்தில் பிஎம்3ங்கிற வகையில் மரபணு பழுதாகி, லிக்னின் கட்டும் நொதி ஒன்று வேலை செய்யாது. நார் நல்லாச் செரிக்கும். ஆறிலைப் பருவத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தா நடுநரம்பு செம்பழுப்பா இருக்கும். ஆனா தண்டு பலம் குறையும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துக்கு அது சாயும், விளைச்சலும் இறங்கும்.

உங்க சிக்கல் பயிரோட வயசுதான். 60-65 நாளில், மணியை நகத்தால் கீறினா பால் வர்றப்போ அறுங்க. முத்தின பயிர்னா லிக்னின் மண்டிய அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, 2 செ.மீ. துண்டா நறுக்கிப் போடுங்க. பசு பொறுக்கித் தள்ளாது. நறுக்கினா லிக்னின் குறையாது, அதை மட்டும் நம்பாதீங்க.