கர்ப்பப்பையை உடனே எடுக்கச் சொல்கிறார்கள்: கேள்வி கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். ஏழெட்டு மாதமாக மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு மிக அதிகம். ஸ்கேனில் 4 சென்டிமீட்டர் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். மருந்து எதுவும் தராமல், "அடுத்த வாரமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், விட்டால் கேன்சர் ஆகிவிடும்" என்றார் மருத்துவர். வேறு வழி உண்டா என்று கேட்டதற்குக் கோபப்பட்டார். வேறு இடத்தில் காட்டலாம் என்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. உங்கள் உடலிலிருந்து ஓர் உறுப்பை எடுக்கப் போகிறவரிடம் காரணம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

முதலில் பயத்தைப் பார்ப்போம். இது ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டியாக இருந்தால் புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. இந்த வயதில் பல பெண்களுக்கு இத்தகைய கட்டிகள் இருக்கின்றன. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தாமாகவே சுருங்கிவிடும். ஆனால் உங்கள் வயதில் மாதக்கணக்காக ரத்தம் போனால், கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து சிறிது சதை எடுத்துப் பரிசோதிப்பது நல்லது. உங்களுக்கு அதைச் செய்தார்களா? செய்யாமலேயே கேன்சர் என்று பயமுறுத்தியிருந்தால் அது எனக்கு ஏற்புடையதல்ல. ஹீமோகுளோபின் அளவையும் உடனே பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, எந்த ரிப்போர்ட்டுக்காகவும் காத்திருக்காமல் 108ஐ அழைத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த அவசரம் இல்லையென்றால் யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. ரத்தம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரைகள், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் அறுவைசிகிச்சை என்று பல வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. எல்லாவற்றையும் பார்த்தபின் கர்ப்பப்பையை எடுப்பதே சரி என்று முடிவாகலாம். அப்படி எடுத்து நிம்மதியடைந்த பெண்கள் பலர். ஆனால் தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டு, 2023இல் உச்ச நீதிமன்றம் அதை எல்லா மாநிலங்களும் பின்பற்றச் சொல்லும் அளவுக்கு இந்த நாட்டில் இது பிரச்சினையாகியிருக்கிறது.

ரிப்போர்ட் விஷயத்தில் தயங்க வேண்டாம். 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், ரிப்போர்ட்டுகளைப் பெறுவதும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமை என்றே இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கேட்டு வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் முத்திரை வாங்குங்கள். முத்திரை கேட்டதுமே பல இடங்களில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். அப்படியும் தராவிட்டால் அங்கேயே சண்டையிட்டு நாளைக் கழிக்காதீர்கள். தக்கலை அரசு மருத்துவமனையிலோ ஆசாரிபள்ளத்திலோ புதிதாக ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரம் போனாலும் சரிதான்.

புதிய மருத்துவரிடம் போகும்போது, எந்தத் தேதியில் தொடங்கி எத்தனை நாள் போனது, ஒரு நாளில் எத்தனை பேட் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊர்ப்பக்கம், மனைவியிடம் மருத்துவர் கேட்பதற்குக் கணவர் பதில் சொல்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மனம் கனத்துப்போகும். கணவர் கூட இருக்கட்டும், பேசுவது நீங்களாக இருங்கள். "மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுப் பார்த்தால் எனக்கு என்ன ஆபத்து?" என்று கேளுங்கள். இதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே அவசரம் உண்மையா என்பது தெரிந்துவிடும்.

அறுவைசிகிச்சைதான் என்று முடிவானால், சினைப்பைகளையும் எடுப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். 43 வயதில் அவற்றையும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் பருவம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். உங்களைப் போலவே அதிக ரத்தப்போக்குக்காகப் போன 44 வயதுப் பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தாயின் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். எவற்றை எடுக்கப் போகிறார்கள் என்பதை அதில் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.