விளம்பரத்தை அழிக்காதீர்கள், சைக்கிளைக் கீழே அனுப்பாதீர்கள்

கேள்வி: நாங்கள் அருவங்காட்டில் குடியிருக்கிறோம். 2023 ஏப்ரலில், வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு ராணுவக் குடும்பத்திடம் மகளுக்காக கியர் சைக்கிள் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினோம். பில் கேட்கத் தோன்றவில்லை. மகள் இப்போது கோவையில் ஹாஸ்டலில் இருப்பதால், 6,500 ரூபாய்க்கு விற்கலாம் என்று படம் எடுத்து ஆன்லைனில் போட்டேன். கோத்தகிரிக்காரர் ஒருவர் 1,000 ரூபாய் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். மறுநாளே வேறொருவர் போன் செய்து, "இது என் தம்பி சைக்கிள், ஊட்டியில் திருடுபோனது, மரியாதையாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஹேண்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் இருப்பதைக்கூடச் சொன்னார். எனக்குக் கை கால் ஓடவில்லை. விளம்பரத்தை எடுத்துவிட்டு, சைக்கிளைக் கீழே மேட்டுப்பாளையத்தில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர். கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், அருவங்காடு

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வதும் வேண்டாம், உங்களுக்குத் தோன்றுவதும் வேண்டாம். சைக்கிள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

முதலில் கணவரின் யோசனை. திருட்டுப் பொருளை வைத்திருப்பவர் எல்லோரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் அதை வாங்குவதும் வைத்துக்கொள்வதும்தான் அதன்படி குற்றம். அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. போன் வரும் வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது ஒருவர் சொல்லிவிட்டார். இதற்கு மேல் விளம்பரத்தை அழித்து, சைக்கிளை வண்டியில் ஏற்றி மலையிறக்கினால், நாளைக்கு ஸ்டேஷனில் "ஏம்மா ஒளிச்சு வெச்சீங்க?" என்ற கேள்விக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கும்? சும்மா இருந்தவர் தானே போய் மாட்டிக்கொள்வது போல ஆகிவிடும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 'விற்பனை நிறுத்தப்பட்டுள்ளது' என்று மட்டும் மாற்றுங்கள். கோத்தகிரிக்காரருக்கு அட்வான்ஸை இன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். விற்க உரிமை உள்ளவர்தான் விற்கிறார் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பேசாமலே அடங்கிய நிபந்தனை. விற்ற பிறகு வில்லங்கம் வந்தால் அவர் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

இனி, போன் செய்தவர். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே தம்பியின் சைக்கிளைத் தேடி அலைகிற அண்ணனாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர், நீங்கள் போட்ட படத்திலேயே தெரிகிறதா இல்லையா? தெரிகிறது என்றால் அதை நானும் சொல்வேன், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். படத்தில் இல்லாத ஒன்றை அவர் சொல்ல வேண்டும். அதுவும் அவர்தான் முதலில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு பழைய கேமராவை விற்கப் போனபோது, ஒருவர் வந்து அது தன்னுடையது என்றார். பதற்றத்தில் நானே கேமராவைத் திருப்பி, அடியில் இருந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படித்து, "இதுதானா உங்களுது?" என்று கேட்டேன். "அதேதான் சார்" என்றார். வேறென்ன சொல்வார்? கேமரா போனது போனதுதான். அது யாருடையது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சைக்கிளுக்கும் அப்படி ஒரு நம்பர் உண்டு, ஃபிரேம் நம்பர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டிலும் தரையில் படும்படி வையுங்கள். இரண்டு பெடலையும் இணைக்கும் அச்சு ஓடுகிற தடித்த குழாயின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருப்பார்கள். சில சைக்கிளில் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ, முன்பக்கம் ஹேண்டில் தண்டு இறங்கும் குழாயிலோ இருக்கும். நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் அந்த இடம் சேறும் கிரீஸும் துருவுமாக அப்பிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். எழுத்துகள் நிழலோடு எழுந்து தெரியும். அப்படியும் படிக்க முடியாவிட்டால், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். சின்ன வயதில் நாணயத்தைத் தாளில் பதிய வைத்து விளையாடியிருப்பீர்களே, அதே வேலைதான். அரத்தால் ராவி நம்பரை அழித்த அடையாளம் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். அப்படியானால் அந்த அண்ணன் மறுபடி கூப்பிடக் காத்திராமல் நீங்களே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

நம்பரைக் குறித்துக்கொண்டீர்களா? யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த அண்ணனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த மாதம், எந்த வருடம் காணாமல் போனது? ஃபிரேம் நம்பர் என்ன, அல்லது அது உள்ள பில், வாரண்டி கார்டு இருக்கிறதா? போலீசில் கொடுத்த புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ இருக்கிறதா? வாய்ப்பேச்சாக வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்.

தேதிதான் இதில் முக்கியம். மகள் அந்தச் சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்றாவது உங்கள் போனில் இருக்கும். 2023 கோடையில் எடுத்த படம் இருந்து, அவர் "போன தீபாவளிக்குத்தான் காணாமல் போச்சு" என்று சொன்னால், பேச்சு அத்தோடு முடிந்தது. படம் இருப்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அவருடைய தம்பியின் சைக்கிளும் 2022க்குப் போய்விடும்! பணம் கொடுத்த ஜிபே பதிவையும், அந்தக் குடும்பத்தோடு பேசிய பழைய மெசேஜ்களையும் தேடி எடுத்து வையுங்கள். பில் இல்லாதவருக்கு அவைதான் பில்.

இதே இடத்தில் செல்போன் என்றால் வேலை சுலபம். *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால், திருட்டுப் புகாரில் முடக்கிய போனா என்று தெரிந்துவிடும். சைக்கிளுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. ஒரு காலத்தில் பஞ்சாயத்தில் வரி கட்டி சைக்கிளுக்குத் தகர வில்லை வாங்கி மாட்டுவார்கள், அதுவும் போய்விட்டது.

அவர் 'ரசீது எல்லாம் இல்லை, 2,000 கொடுத்தால் விட்டுவிடுகிறேன்' என்கிற பாதைக்கு வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். மிரட்டிப் பணம் கேட்பது தனிக் குற்றம், அந்த மெசேஜே உங்கள் சாட்சி. வீட்டு முகவரி கொடுக்காதீர்கள். சாயங்காலம் மேகம் இறங்கிய நேரத்தில் எஸ்டேட் ரோட்டில் வந்து காட்டுங்கள் என்றால் போகவே போகாதீர்கள். "ஸ்டேஷனுக்கு வாங்க, நானும் சைக்கிளோட வர்றேன்" என்ற ஒரு வரி போதும். உண்மையில் பறிகொடுத்தவர் என்றால் சந்தோஷமாக வருவார்.

அங்கே அவருடைய நம்பரும் உங்கள் நம்பரும் ஒத்துப்போனால்? அப்போது சைக்கிள் அவருடையதுதான். திருடியவரிடமிருந்து எத்தனை கை மாறினாலும், நல்ல விலை கொடுத்து வாங்கினாலும், அதன் உரிமை வாங்கியவருக்கு வராது. கசப்பாகத்தான் இருக்கும், மல்லுக்கட்டாதீர்கள். ஆனால் அவர் கையில் நேராகக் கொடுக்காதீர்கள். போலீசார் கைப்பற்றினால், கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். யாரிடம் ஒப்படைப்பது என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். வக்கீல் வைக்கிற அளவுக்கு இது பெரிய தொகை இல்லை. சந்தேகம் இருந்தால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

உங்கள் 9,000 ரூபாயை அந்த ராணுவக் குடும்பத்திடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜில் படிப்பு முடிந்து குடும்பங்கள் கிளம்புகிற மாதங்களில், இங்கே கட்டிலும் ஃபிரிட்ஜும் சைக்கிளும் எப்படிக் கை மாறும் என்று உங்களுக்கே தெரியும். அவர்களும் முந்தைய வருடம் கிளம்பிய ஒரு குடும்பத்திடம் பில் கேட்காமல் வாங்கியிருக்கலாம். ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே இன்று ஒரு போன் போடுங்கள். உங்களிடம் அந்த மனிதர் ஆரம்பித்த மாதிரி ஆரம்பிக்காமல், "மேடம், நல்லா இருக்கீங்களா? அந்த சைக்கிள் பில் உங்ககிட்ட இருக்கா?" என்று கேளுங்கள்.