மன்றத்துக்கு ஒரு நோட்டு

அன்புள்ள சார்,

கரூரில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து போன வருடம் ஒரு வானியல் மன்றம் தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு ஒரு பேராசிரியரை அழைத்து, கருந்துளை பற்றிப் பேசவைத்தோம். நாற்காலி போதவில்லை. ஏழாவது கூட்டத்தில் நாங்கள் ஐவரும் ஒருவருடைய மகனும் மட்டும்தான். இதற்கிடையில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கிவிட்டோம். அது யார் வீட்டில் இருப்பது என்பதில் மனக்கசப்பு. வருகிறவர்களில் சிலர் "ஜாதகமும் பார்ப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். மதுரையில் இப்படி ஒரு மன்றத்தில் பல வருடம் இருந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நாங்கள் தொடரலாமா, கலைத்துவிடலாமா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

ஆறு பேர் வந்ததைக் குறைவு என்கிறீர்கள். எங்கள் கூட்டம் ஒன்றுக்கு மூன்றே பேர் வந்திருந்தோம். அதில் ஒருவர், போன மாதம் விட்டுப்போன குடையை எடுக்க வந்தவர்.

கருந்துளைப் பேச்சில் குற்றமில்லை. ஆனால் பேச்சு அன்று ராத்திரியே முடிந்துவிடுகிறது. கேட்டவர் திருப்தியாக வீட்டுக்குப் போகிறார், அதோடு சரி. அடுத்த மாதம் அவர் எதற்கு வர வேண்டும்? வந்தால்தான் தெரியும் என்று ஏதாவது ஒன்று பாக்கி இருக்க வேண்டும். இதை நாங்கள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, தற்செயலாகத்தான் பிடிபட்டது.

2019 டிசம்பரில் எங்கள் மொட்டை மாடிக் கூட்டத்துக்குத் தையற்கடை வைத்திருக்கும் ஒருவர் வழக்கமாக வருவார். தொலைநோக்கியில் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு சும்மா அண்ணாந்து பார்ப்பார். அன்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், திருவாதிரை சாயம் போன மாதிரி இருக்கே" என்றார். எங்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. ஓரியன் என்கிற வேட்டைக்கார உருவ நட்சத்திரக் கூட்டத்தின் தோளில் செக்கச்செவேலென்று இருக்கும் நட்சத்திரம் அது. ஆங்கிலப் பெயர் பெட்டல்ஜூஸ். அலைபேசியில் தேடினால், அது மங்கி வருவதாக உலகம் முழுக்கப் பேச்சு. ஆனால் அவர் அதைத் தன் கண்ணால் பார்த்துச் சொன்னார்.

அன்றே இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கினோம். முறை சுலபமானது. நட்சத்திரத்தின் ஒளியளவை எண்ணால் குறிப்பார்கள், எண் கூடினால் ஒளி குறைவு. பக்கத்திலுள்ள ரோகிணி ஏறக்குறைய 0.9. ஓரியனின் இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸ் 1.6. திருவாதிரை வழக்கமாக 0.5 வாக்கில் இருக்கும். இப்போது அது ரோகிணிக்கும் பெல்லாட்ரிக்ஸுக்கும் நடுவே எங்கே நிற்கிறது? கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டியதுதான். ஒருவர் போட்ட எண்ணை இன்னொருவர் பார்க்கக் கூடாது. தனித்தனிச் சீட்டில் எழுதி வாங்கி, அப்புறம்தான் நோட்டில் ஏற்றுவோம்.

அதே டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம். உங்கள் ஊரும் அதன் பாதையில்தான் இருந்தது. நாங்கள் திண்டுக்கல் போனோம். காலை ஒன்பதரை வாக்கில் நெருப்பு வளையம். புங்கமரத்தடியில் இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகளாகக் கிடந்ததைத்தான் பிள்ளைகள் அதிகம் ரசித்தார்கள். எண்பது பேருக்கு மேல் பேரும் போன் நம்பரும் கொடுத்தார்கள். ஜனவரிக் கூட்டத்துக்கு அவர்களில் வந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் பிப்ரவரியிலும் வந்தார்கள். காரணம் கிரகணமில்லை, "இன்னிக்கு எவ்வளவு சார்?" என்பதுதான். அந்த நட்சத்திரம் வெடிக்கப்போகிறது என்று செய்திகள் வேறு வந்துகொண்டிருந்தன. பிப்ரவரியில் அது 1.6 வரை இறங்கியது. எங்கள் நோட்டில் தையற்கடைக்காரர் 1.5 என்றும், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 1.7 என்றும் போட்டிருந்தார்கள். இருவரும் மாடிப்படி இறங்கும்வரை வாதாடினார்கள். அப்புறம் அது வெடிக்கவில்லை. ஏப்ரலுக்குள் பழையபடி பிரகாசமாகிவிட்டது. நட்சத்திரம் தானே உமிழ்ந்த வாயு தூசாகி, முகத்தை மறைத்ததால் வந்த மங்கல் என்று 2021 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இப்படி மாதாமாதம் மாறுகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியப் புள்ளிகளை எண்ணலாம் (தொலைநோக்கியின் முன்வாயில் சரியான வடிகட்டி பொருத்தித்தான், இதில் விளையாட்டே கூடாது). சனியின் வளையத்தை வரையலாம். 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாகிப்போனது. இனி வருடா வருடம் விரிந்து, 2032 வாக்கில் நன்றாகத் திறந்திருக்கும். இப்போது பார்ப்பவர் "இவ்வளவுதானா?" என்பார். அவர் கையாலேயே வரைந்து வாங்கி வையுங்கள்.

பொதுமக்களை அழைக்க அமாவாசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது உங்கள் ஐந்து பேருக்கான ராத்திரி. ஊருக்கு வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமை போதும். பொழுது சாயும்போதே நிலா உச்சியில் நிற்கும், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்கள் நிழலோடு தெரியும். பௌர்ணமியில் நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். கரூர் வெயிலில் மொட்டை மாடித் தளம் இரவு பத்து மணிவரை சூடு கக்கும், அந்த அனலில் தொலைநோக்கிக்குள் வியாழன் கிரகம் உலைநீர் மாதிரி கொதிக்கும். சாயங்காலமே நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அல்லது மண்தரைக்கு இறங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களுக்கு உங்கள் பேராசிரியரை ஒதுக்கிவிடுங்கள். ஆனால் தமிழில் பேசச் சொல்லுங்கள். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தை, அதாவது ஒளி கூடிக் குறைகிற ஒன்றை, கண்டுபிடித்தவர். 1874 இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை ஊர் மக்களுக்கு விளக்க உள்ளூர் மொழிகளில் சிறுநூல் கொண்டுவந்தார். நூற்றைம்பது வருடம் கழித்தும் நாம் ஆங்கில ஸ்லைடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொலைநோக்கி விஷயம். எங்கள் முதல் தொலைநோக்கியை "பொதுச் சொத்து" என்று ஒரு பள்ளி ஆய்வக அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவி ஒருவரிடம். அவருக்கு மாற்றல் வந்தது. ஒரு மழைக்காலம் தாண்டி நாங்கள் பூட்டை உடைத்தபோது, கண்ணாடியில் பூஞ்சை வெற்றிலை நரம்பு மாதிரி கிளைவிட்டிருந்தது. அதற்கப்புறம் நூலகப் புத்தகம் போல ஆளுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டோம், அதையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். உங்களுடைய எட்டு அங்குலத்தை மாடிப்படி ஏற்றி இறக்குகிற சிரமம் தெரிந்தால், "என் வீட்டில்தான்" என்கிற சண்டை ஒரே சுற்றில் அடங்கிவிடும்.

ஜாதகம் கேட்கிறவரிடம் வாதாட வேண்டாம். "உங்க நட்சத்திரம் என்ன?" என்று கேளுங்கள். திருவாதிரை, ரோகிணி, கேட்டை, சித்திரை, எதைச் சொன்னாலும் அது மேலே இருக்கிற மாதமாக இருந்தால் கை நீட்டிக் காட்டுங்கள். அறுபது வருடமாகத் தன் நட்சத்திரத்தின் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்த ஒருவருக்கு அதை யாருமே காட்டியிருக்க மாட்டார்கள். எங்கள் தையற்கடைக்காரரும் அப்படி வந்தவர்தான். அவருக்குத் திருவாதிரை.

டிசம்பரில் மழை விட்டதும் நான் கரூர் வருகிறேன். மாலை, மேடை எதுவும் வேண்டாம். எட்டரை மணிக்குக் கிழக்கில் ஓரியன் நன்றாக ஏறியிருக்கும். ஆறு சீட்டும் ஒரு பேனாவும் எடுத்து வையுங்கள். அந்தப் பையனின் சீட்டை மட்டும் கடைசியில் பிரிப்போம். சின்னக் கண், அனேகமாக அவன் எண்தான் சரியாக இருக்கும்.