கொட்டலசும் குள்ள ஆண்களும் – கடிதம்

வணக்கம் ஐயா,

கடற்பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிரான கொட்டலசில் (barnacle) ஆணும் பெண்ணும் ஒரே உடலில்தான் என்று எழுதியிருந்தீர்கள். சில இனங்களில் அதன்மேல் குட்டி ஆண்கள் தனியாக ஒட்டியிருக்குமாமே? தன்னிடமே விந்து இருக்கையில் இன்னோர் ஆண் எதற்கு? பரிணாமம் இப்படி வீண்செலவு செய்யுமா? அப்புறம், இது கிளிஞ்சல் வகைதானே?

கே.

அன்புள்ள கே,

டார்வினையும் ஆட்டிவைத்த விஷயம் இது. 1846 முதல் 1854 வரை அவர் கொட்டலசோடுதான் மல்லுக்கட்டினார். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இப்லா கமிங்கி என்ற கொட்டலசு இனத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் பெண். உள்ளே ஒட்டியிருந்த புழு போன்ற துணுக்குகளை முதலில் ஒட்டுண்ணி என்றே நினைத்தார். அவைதான் ஆண்கள்! ஆஸ்திரேலியக் கடலில் வாழும் அதன் உறவினமோ இருபாலுயிரி. அதிலும் குள்ள ஆண்கள் இருந்தன. நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது வகையை.

கொட்டலசு பெரும்பாலும் தன்னோடு தானே சேர்வதில்லை. ஒட்டிய இடத்தைவிட்டு நகரவும் முடியாது. ஆகவே உடலைப்போல் பல மடங்கு நீளும் ஆணுறுப்பை நீட்டி அக்கம்பக்கம் துழாவுகிறது. நெருக்கியடித்து வாழும் பாறையில் போட்டி கடுமை, விந்துக்கு நிறையச் செலவழித்தாக வேண்டும். அண்டையில் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் அந்தச் செலவு வேண்டாம், சத்து முட்டைக்குப் போகும். போட்டி குறைந்த அந்த இடத்தில்தான் குள்ள ஆண் நுழைகிறது. அதற்குப் பெரிதாக வளரவும் வேண்டாம், துழாவவும் வேண்டாம். ஆழ்கடலில் அண்டை வீடே அபூர்வம். அங்குள்ள பல இனங்களில் பெண்ணும் குள்ள ஆணும் மட்டுமே. வீண்செலவா என்று இனத்துக்கு மொத்தமாகக் கணக்குப் பார்ப்பதால்தான் குழப்பம். ஒட்டிக்கொண்ட அந்த ஆணுக்கு லாபம் இருந்தால் போதும்.

ஐரோப்பியக் கடலில் ஸ்கால்பெல்லம் என்றொரு இனம். அதன் ஓட்டு விளிம்பில் சின்னஞ்சிறு பை உண்டு. லார்வா, அதாவது நீந்தித் திரியும் குஞ்சு, வேறெங்காவது ஒட்டினால் இருபாலுயிரியாக வளரும். பைக்குள் புகுந்தால் ஆண். எல்லா லார்வாவும் இப்படி ஆணாகிவிட முடியாது என்பது வேறு விஷயம். ஆணாகிவிட்டால் வாயும் கிடையாது, குடலும் கிடையாது. லார்வாப் பருவத்தில் சேர்த்த கொழுப்பிலேயே காலம் ஓடுகிறது.

கொட்டலசு கிளிஞ்சல் இல்லை, இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. சுண்ணாம்பு ஓட்டைப் பார்த்து அறிஞர்களும் வெகுகாலம் ஏமாந்தார்கள். அதன் லார்வா கால்களை அடித்து நீந்துவதை ஜான் வான் தாம்சன் 1830இல் எழுதிய பிறகுதான் அது கிளிஞ்சல் கூட்டத்திலிருந்து இறால் கூட்டத்துக்கு மாறியது.