கோழிப்பண்ணை ஈயா கன்றுக்குட்டிக்குப் புழு வைத்தது?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) காங்கயம் மாடு வளர்க்கிறேன். பிறந்து ஐந்து நாளான கன்றுக்குட்டிக்குத் தொப்புளில் புழு வைத்துவிட்டது. பக்கத்துக் கோழிப்பண்ணையில் செத்த கோழிகளை வேலியோரம் வீசுகிறார்கள். அங்கிருந்து வரும் ஈதான் காரணமா?

பதில்: வீசுவது தப்புதான், தட்டிக் கேளுங்கள். ஆனால் உங்கள் கன்றுக்குட்டிக்குப் புழு வைத்தது பெரும்பாலும் அந்த ஈ இல்லை.

கோழியில் மொய்ப்பது ஒன்று, கன்றுக்குப் புழு வைத்தது வேறொன்று. இரண்டுமே பச்சையும் நீலமுமாக மினுங்கும் ஈக்கள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். செத்த கோழியிலும் மீன் கழிவிலும் முட்டையிடுவது கிரைசோமையா மெகாசெபாலா. உங்கள் கட்டுத்தறிக்கு வந்தது அனேகமாக கிரைசோமையா பெசியானா. அதன் புழு உயிருள்ள உடம்பில்தான் வளரும், பிணத்தில் வளராது. குப்பையை எவ்வளவு கூட்டி அள்ளினாலும் அது குறையாது. அதற்கு வேண்டியது ஒரு பச்சைப் புண்: காயாத தொப்புள், முள்கிளுவை வேலி கிழித்த கீறல், ஏன், உண்ணி கடித்த இடமே போதும். புண்ணோரத்தில் 150 முதல் 200 முட்டை வரை வரிசையாக ஒட்டிவிட்டுப் போகும். ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் தலைகீழாகச் சதைக்குள் இறங்கும். நமக்குத் தெரிவது வால் பக்கம் மட்டும். அதில் இருக்கும் இரண்டு கரும்புள்ளிகளைக் கண் என்பார்கள், அவை மூச்சு விடும் துளைகள். புழு வைத்த புண்ணின் நாற்றத்துக்கு மேலும் ஈக்கள் வந்து முட்டையிடும். ஆறேழு நாளில் கொழுத்த புழு மண்ணில் விழுந்து கூண்டாகி, இன்னொரு வாரத்தில் ஈயாகிவிடும்.

அதனால் டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சைத் தொப்புளில் வையுங்கள். ஊற்றாதீர்கள், அது வயிற்றுக்குப் போகிற வழி. மூச்சு முட்டி மேலே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்துக் கொதிநீரில் போடுங்கள். கீழே தட்டிவிட்டால் நீங்களே ஈ வளர்க்கிறீர்கள். பிறகு புண்ணைக் கழுவி, அயோடின் தடவி, ஈ அண்டாத மருந்து ஸ்பிரே அடியுங்கள். தினமும் பாருங்கள்.

பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லிக் குருணையைப் புண்ணில் அடைக்கவே கூடாது. புழு சாகும், கூடவே கன்றும் வாயில் நுரை தள்ளிச் சாகும். கடைக்காரர் 'எல்லாரும் போடுறாங்க' என்பார். கன்று செத்தால் அவர் வந்து நிற்கப்போவதில்லை. அவருக்குக் கொஞ்சமும் சளைக்காதவர் சந்தையில் ஊசியும் கையுமாகத் திரிகிற ஆள். அவர் போடும் ஐவர்மெக்டின் புழுவைக் கொல்லும் நல்ல மருந்துதான். ஒரு சதவீத மருந்து என்றால் 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கடியில். சின்னப் புழு சாகும், பெரியதைக் கையால்தான் எடுக்க வேண்டும். இந்த ஆளோ எடையும் பார்ப்பதில்லை, பால் மாடா என்றும் கேட்பதில்லை. பால் மாட்டுக்கு அதைப் போடக் கூடாது, மருந்து பாலில் இறங்கும். 'ஒரு வேளைப் பாலைக் கொட்டிவிட்டால் சரி' என்று சொல்வார்கள், சரியில்லை. நாள்கணக்கில் இறங்கும். சினை மாட்டுக்கும், ஈனும் நாள் நெருங்கிவிட்டால், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். உங்கள் கன்று பால் கறப்பதில்லை, அதற்குப் போடலாம். தாய்க்குப் புண் வந்தால் மட்டும் இந்த ஊசி வேண்டாம்.

அப்புறம் அரசு மாடுகளுக்குப் போடும் அடையாளக் காது வில்லை. 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லையைக் குத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார்கள். குத்திய காதுப் புண்ணிலும் புழு வைக்கும். ஒரு சொட்டு அயோடின் வைக்க எவ்வளவு நேரமாகும்? எண்ணிக்கை காட்டத் தெரிகிறது, பஞ்சு வாங்கத் தெரியவில்லை. குத்த வருகிறவர்களிடம் நீங்களே அயோடினை நீட்டுங்கள். அடுத்த கன்று பிறந்ததும் தொப்புளை அயோடினில் முக்கி, காயும்வரை தினமும் தடவுங்கள்.

தொப்புள் வீங்கிச் சீழ் வந்தாலோ, கன்று பால் குடிக்காமல் படுத்துவிட்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால் கன்றை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்கே கொண்டுபோய்விடுங்கள்.